புள்ளி இல்லாத வெள்ளி

செவ்வாய் இரவு பதினொன்றரைக்கு மேல்
தோ பாயோ புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில்
ஆறு சலவை இயந்திரங்களின் வயிற்றைத் திறந்து
சில்லறையை வாளியில் கொட்டுவது என் வேலை.
உலர்த்தியின் கதவு சுட்ட தழும்பு
முழங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று.

நாலாம் எண் இயந்திரம்
அன்று துப்பிவைத்திருந்தது ஒரு பழைய வெள்ளி.
வயதுக்காகத் துப்பியது, வேறெதற்கும் இல்லை;
புதுக்காசுக்குப் பழக்கிய தொண்டை அதற்கு.
ஒரு பக்கம் எண்கோணச் சட்டத்துக்குள் நித்தியகல்யாணி.
மறுபக்கம் கேடயத்தைத் தாங்கும் சிங்கம், புலி.
சுற்றிவர நாலு மொழியில் ஒரே பெயர்.

நம் மொழியில் மட்டும்
கடைசி எழுத்தின் தலை மொட்டையாக இருந்தது.

சிங்கப்பூர

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன்.
காசையும் துடைத்தேன்.
பல்குச்சியால் அழுக்கைக் கிளறினேன்.
ங்-கின் புள்ளி இருந்தது. ப்-பின் புள்ளி இருந்தது.
ஊர் மட்டும் வாசலில் ஒரு காலை வைத்துவிட்டு
சாவியை எங்கே வைத்தோம் என்று யோசிப்பவள்போல
சொல்லை முடிக்காமல் நின்றது.

சனிக்கிழமை,
சிட்டி ஹால் பக்கம், பழைய பிளாசா, மூன்றாம் மாடி.
திரு குவெக் முதலில் தராசில் வைத்தார்.
ஆறு புள்ளி மூன்று கிராம்.
தராசிடம் புள்ளி இருந்தது.

அப்புறம் காந்தம். அப்புறம் லென்ஸ்.
பேசாமல் ஒரு தட்டை இழுத்துக் காட்டினார்:
அச்சு விலகிப் பிறைபோல் விழுந்த ஐம்பது காசு,
ஓரம் கடிபட்ட இருபது,
பூவும் தலைப்பும் ஒன்றுக்கொன்று கோணிய பத்து,
ஒன்றுமே அச்சாகாத வெறும் வட்டம். அதற்குத்தான் விலை அதிகம்.
தனியாக ஒரு டப்பாவில் கிடந்தவை
சுத்தியல் பட்டவை, அமிலம் தின்றவை, ரயில் ஏறியவை.
"பட்டறைக்குள் பிழைத்தால் பிழை.
வெளியே வந்தபின் பட்டதெல்லாம் காயம்.
காயத்துக்கு முகமதிப்புதான்."

சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"இதில் என்ன குறை?" என்றார் லென்ஸைவிட்டுக் கண்ணெடுக்காமல்.
சீனத்தில் பார்த்தார், மலாயில் பார்த்தார், ஆங்கிலத்தில் பார்த்தார்.
நாற்பது வருடக் கண்
தமிழை ஓர வேலைப்பாடு என்று தாண்டிப் போனது.
ஊசிமுனையால் இடத்தைக் காட்டினேன்.
"ஒரு புள்ளியா? அது என்ன செய்யும்?"
"வாயை மூடும்."
"இல்லாவிட்டால்?"

இங்கேதான் திணறிப்போனேன்.
மெய்யெழுத்துக்குப் புள்ளி போனால்
உயிர் ஏறிவிடும் என்பதை
என் அரைகுறை ஆங்கிலத்தில் எங்கிருந்து தொடங்க?
மெய் என்றால் உடம்பு என்பதை?
"மூச்சு விடும்," என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. காசைக் காதருகே கொண்டுபோனார்.

அச்சில் எண்ணெய் அடைத்திருக்கும் என்றார் பிறகு.
தேய்மானம் இல்லை, சுற்றியுள்ள விளிம்பு கூர்மையாக இருக்கிறது.
ஆனால் இதைப் படிக்கத் தெரிந்து,
காசும் சேர்ப்பவர், பணமும் உள்ளவர்
எத்தனை பேர் என்று என்னையே கேட்டார்.
விரல்விட்டு எண்ணப் பார்த்தேன்.
"பன்னிரண்டு வெள்ளி தருகிறேன்.
இன்னொன்று கிடைத்தால் வா.
ஒன்று என்றால் தவறு.
இரண்டு என்றால் வகை. வகைக்கு விலை வேறு."

பன்னிரண்டு வெள்ளி என்றால்
இரண்டு வேளைச் சோறு, மேலே ஒரு தே-ஓ.
காசைத் திருப்பி வாங்கிப் பையில் போட்டேன்.

இப்போதெல்லாம் செவ்வாயன்று வீடு திரும்ப
மணி இரண்டாகிறது.
முதலாளி ரொஸ்னா கேட்டால்
கணக்கு இடிக்கிறது என்கிறேன்.
வாளியில் உள்ள ஒவ்வொன்றையும் திருப்பி
விளக்கடியில் பிடித்து
ஊரின் பெயரைக் கடைசி எழுத்துவரை படிக்கிறேன்.
ஓர் இரவில் நானூறு தடவை, ஐந்நூறு தடவை.
எல்லாம் சரியாகவே இருக்கின்றன.
எல்லாம் மூடியே இருக்கின்றன.
ர்.
ர்.
ர்.